விளையில் மாடு மேய்த்தால் கட்டுப்படியாகுமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னை விளையும் (விளை என்பது குமரி வழக்கில் தோப்பு) ஓரிரு மாடுகளும் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பிப் பண்ணை தொடங்க எண்ணுபவர்கள், இறைச்சிக்கு மாடு வளர்ப்பதைப் பற்றிக் காணொளிகளில் பார்த்தவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. விடைகளில் வரும் ரூபாய்க் கணக்குகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டுகள் மட்டுமே. உங்கள் ஊர் விலையை அந்த இடங்களில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மேய்ச்சல் மேலாண்மை என்று எதைச் சொல்கிறார்கள்? அவிழ்த்து விட்டால் மாடு தானே மேய்ந்து கொள்ளாதா?

மேய்ந்து கொள்ளும். ஆனால் அது முதலில் இனிப்பான இளம்புல்லைத் தேடிக் கடிக்கும். அந்தப் புல் மறுபடி துளிர்த்ததும் முற்றிய புல்லை விட்டுவிட்டு அதையே மீண்டும் கடிக்கும். இலையை இழந்த புல், வேரில் சேமித்த சத்தைக் கொண்டுதான் துளிர்க்கிறது. அந்தச் சேமிப்பு நிரம்புவதற்கு முன்பே மறுபடியும் கடிபட்டால் வேர் சிறுத்து நல்ல புல் அழிகிறது, அந்த இடத்தில் மாடு தொடாத களை பரவுகிறது. எத்தனை மாடு, எந்த இடத்தில், எத்தனை நாள், அதன்பின் அந்த இடத்துக்கு எத்தனை நாள் ஓய்வு என்னும் நான்கையும் மாட்டின் வாய்க்கு விடாமல் உரிமையாளரே முடிவு செய்வதுதான் மேய்ச்சல் மேலாண்மை.

இதில் பொருளாதாரம் எங்கே வருகிறது என்றால், மாடு தானே அறுவடை செய்யும் தீவனத்துக்கு வெட்டுக்கூலியும் சுமைக்கூலியும் இல்லை. சாணத்தையும் அதுவே நிலத்தில் போட்டுவிடுகிறது. உலகில் மாட்டிறைச்சி மலிவாக உற்பத்தியாகும் நாடுகள் பெரும்பாலும் இந்த ஒரு சேமிப்பின் மீதுதான் நிற்கின்றன. ஆயினும் புல்லுக்கு விலையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. நிலம், நேரம், வேலி ஆகியவற்றின் விலை அதற்குள் ஒளிந்திருக்கிறது.

பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் புல்லில் விட்டே ஆயிரக்கணக்கில் மாடு வளர்க்கிறார்களே, நம்மால் ஏன் முடியாது?

மாடு தடையில்லை. பிரேசிலின் இறைச்சி மாட்டு மந்தைகளில் மிகுதியாக உள்ள நெலோரே இனம், பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், ஓங்கோல் பகுதிகளிலிருந்து கப்பலேறிய மாடுகளின் வழிவந்ததுதான். அதன் பெயரிலேயே நெல்லூர் இருக்கிறது. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் நம் மாடு அங்கே ஆப்பிரிக்கப் புல்லைத் தின்று வளர்கிறது.

தடையாக இருப்பது நிலம். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறோம். வடக்கு ஆஸ்திரேலியாவின் பண்ணைகளில் ஒரு மாட்டுக்குப் பல ஏக்கர் ஒதுக்குகிறார்கள். இங்கே நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசுகிறோம். வீட்டுமனையாக விற்கக்கூடிய நிலத்தில் புல் மட்டும் வளர்த்து மாட்டைக் கொழுக்க வைத்தால், அந்த நிலத்தின் விலைக்கு வங்கி தரும் வட்டியைக்கூட மாடு ஈட்டித் தராது. எனவே குமரியில் புல் முதற்பயிராக இருக்க முடியாது என்பதே என் கருத்து. தென்னையின் கீழும், வரப்பிலும், அறுப்பு முடிந்த ஏலாவிலும் (நெல்வயலிலும்) எப்படியும் முளைக்கும் புல்லை வீணாக்காமல் காசாக்குவது என்ற அளவில்தான் மேய்ச்சல் இங்கே கட்டுப்படியாகும். இனிவரும் விடைகள் எல்லாம் இந்த அடிப்படையில் அமைந்தவை.

இரண்டு வயது வரை காளைக்கன்றுகளை மேய்த்து இறைச்சிக்கு விற்கலாமா? சட்டம் இடம் தருமா?

இடம் தராது. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958 காளை, எருது, பசு, கன்று ஆகியவற்றோடு எருமைகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. 10 வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத விலங்கு, அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ அவற்றுக்கு நிரந்தரமாகத் தகுதியிழந்த விலங்கு என்று உரிய அலுவலர் சான்று தந்தால் மட்டுமே அதை வெட்ட முடியும். பசுவையும் கிடாரியையும் (கன்று ஈனாத இளம்பசுவையும்) வெட்டுவதற்கு 1976 ஆம் ஆண்டின் அரசாணை தடை விதித்துள்ளது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் கேள்வி இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். கேரளத்திலும் ஊராட்சி இறைச்சிக்கூட விதிகள் சான்று கேட்கின்றன. வண்டியில் ஏற்றிச் செல்வதற்கு 1978 ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளும் உண்டு.

ஆகவே 18 முதல் 30 மாதங்களில் காளையைக் கொழுக்க வைத்து இறைச்சிக்கு விற்கும் வெளிநாட்டுத் திட்டத்தை அப்படியே இங்கே நகலெடுக்கும் எந்தத் திட்ட அறிக்கையையும் நம்பிப் பணம் போடாதீர்கள்.

அப்படியானால் இறைச்சி மாட்டு மேய்ச்சல் கணக்கு நமக்கு எதற்கு?

இறைச்சிக்கு மாடு வளர்க்கும் நாடுகளில், ஒரு நிலத்துண்டு ஆண்டுக்கு எத்தனை கிலோ உடல் எடையாக மாறுகிறது, அதற்கு என்ன செலவு என்பதை நூறாண்டுகளாக அளந்து வருகிறார்கள். கிடாரியைச் சினைப் பருவத்துக்கு வளர்த்தல், பால் வற்றிய பசுவைச் செலவில்லாமல் காத்தல், உழைத்து ஓய்ந்த எருதை விற்பதற்கு முன் உடல் தேற்றுதல், வெள்ளாடு வளர்த்தல் ஆகிய நான்கிலும் நாம் செய்வதும் புல்லை எடையாக மாற்றும் வேலைதான். கணக்கு ஒன்றே, விற்கும் பொருள்தான் வேறு.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பால் கறந்து ஓய்ந்த பசுவுக்கு இறைச்சி மதிப்பு சட்டப்படி இல்லை என்பதால், பால் பண்ணைக் கணக்கில் அதன் கடைசி விலையைப் பெரிய தொகையாக எழுதி வைப்பது ஏமாற்றத்தில் முடியும். வாங்கிய விலை முழுவதையும் பாலும் கன்றும் சாணமும்தான் ஈடுகட்ட வேண்டும்.

என்னிடம் 60 சென்ட் தென்னை விளை இருக்கிறது. எத்தனை மாடு விடலாம்?

ஊகத்தில் சொல்லாமல் அளந்து பார்க்கலாம். நான்கு குச்சிகளால் ஒரு மீட்டர் சதுரம் அமைத்து, விளையில் நன்றாக உள்ள இடம், சுமாரான இடம், மோசமான இடம் என ஐந்தாறு இடங்களில் புல்லை அறுத்து எடை போட்டுச் சராசரி எடுங்கள். சதுரத்துக்கு 600 கிராம் பச்சைப்புல் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு சென்ட் ஏறக்குறைய 40.5 சதுர மீட்டர். 60 சென்ட் 2,430 சதுர மீட்டர். மரத்தடி, பாதை, ஓலை கிடக்கும் இடம் ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1,940 சதுர மீட்டர் மிஞ்சும். அதில் மொத்தப் புல் ஏறக்குறைய 1,160 கிலோ. இதில் பாதியை மட்டுமே மாட்டுக்குக் கணக்கிட வேண்டும். மறுபாதி மிதிபடுவதற்கும், சாணம் விழுவதற்கும், மீண்டும் துளிர்ப்பதற்குமானது. ஆகக் கையில் இருப்பது 580 கிலோ.

மாடு ஒரு நாளைக்குத் தன் உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு உலர்பொருள், அதாவது தண்ணீரைக் கழித்த தீவனம், தின்னும். 200 கிலோ எடையுள்ள கிடாரிக்கு 2.5 விழுக்காடு என்றால் 5 கிலோ உலர்பொருள். பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் அது 25 கிலோ பச்சைப்புல் ஆகிறது. 580 கிலோ புல் அதற்கு 23 நாள் வரும். மழைக்காலத்தில் அந்தப் புல் மறுபடி வளர 40 நாள் ஆகும் என்று கொண்டால், 40 நாளில் 23 நாள் மட்டுமே அந்த விளை ஒரு கிடாரியைத் தாங்கும். 60 சென்டுக்கு ஒரு சிறிய மாடுகூட முழுதாக இல்லை. பாதிக்குச் சற்று மேல். மீதிக்கு வைக்கோலோ, வெட்டிய தீவனமோ, குலை வெட்டிய வாழையின் தண்டோ வேண்டும். பலருக்கு இந்த எண் கசக்கும். ஆனால் நான்கு மாடு வாங்கிய பிறகு கசப்பதை விட இப்போதே கசப்பது செலவில்லாதது.

மின்வேலி போட்டுத் தடுப்புகளாகப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு செலவு தேவையா?

ஓரிரு மாட்டுக்குத் தேவையில்லை. தரையில் அடிக்கும் முளைக்குச்சியும் கயிறுமே போதும். 4 மீட்டர் கயிறும் மாட்டின் கழுத்தும் தலையும் எட்டும் ஒரு மீட்டரும் சேர்ந்தால் 5 மீட்டர் ஆரமுள்ள வட்டம். அதன் பரப்பு 78.5 சதுர மீட்டர், அதாவது இரண்டு சென்டுக்குச் சற்றுக் குறைவு. முந்தைய விடையில் கண்ட புல் அளவில், இந்த வட்டத்தின் பாதிப் புல் 23 கிலோவுக்கு மேல் வருகிறது. அந்தக் கிடாரியின் ஒரு நாள் தேவைக்கு ஏறக்குறையச் சரி. தென்னையை 7.5 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால், நான்கு மரங்களுக்கு நடுவே அடித்த முளையிலிருந்து ஒவ்வொரு மரமும் 5.3 மீட்டர் தொலைவில் இருக்கும். கயிறு மரத்தில் சுற்றாது.

தினமும் முளையை மாற்றி, மேய்ந்த இடத்துக்கு ஓய்வு முடியும் வரை திரும்பாமல் இருந்தால், வெளிநாட்டில் கம்பிக்கும் மின்கலத்துக்கும் செலவழித்துப் பெறும் கட்டுப்பாடு உங்களுக்குக் கயிற்று விலையில் கிடைத்துவிடுகிறது. ஒரே முளையில் மூன்று நாள் கட்டுவதுதான் நம் ஊரில் நான் மிகுதியாகக் காணும் குறை. நிழலும் தண்ணீரும் எட்டும்படி பார்த்துக் கொள்ள வேண்டும். கட்டிப்போட்ட மாட்டால் தானே போய்க் குடிக்க முடியாது.

புல் கொஞ்சம் மிஞ்சுகிறது. கூடுதலாக ஒன்றிரண்டு மாட்டை விட்டால் லாபம் கூடுமல்லவா?

ஓர் எல்லை வரை கூடும், அதன்பின் குறையும். 1974 இல் ஆஸ்திரேலியாவில் ஜோன்ஸ், சாண்ட்லண்ட் என்னும் இருவர் பல மேய்ச்சல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, நிலத்தில் மாடுகளின் எண்ணிக்கை ஏற ஏற ஒவ்வொரு மாட்டின் எடைக்கூடுதலும் ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்குகிறது என்று காட்டினர். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு துண்டு நிலத்தில் ஒரு மாடு விட்டால் நாளுக்கு 600 கிராம் எடை கூடுகிறது. இரண்டு விட்டால் தலைக்கு 500, மூன்று விட்டால் 400, நான்கு விட்டால் 300 கிராம். மொத்தக் கூடுதல் முறையே 600, 1,000, 1,200, 1,200 கிராம். நான்காவது மாடு நிலத்துக்கு எதையும் சேர்க்கவில்லை. மற்ற மூன்றின் புல்லைத்தான் தின்றது.

இப்போது பணத்தைப் போடுங்கள். ஒரு கிலோ உயிர் எடையின் மதிப்பு 150 ரூபாய், ஒரு மாட்டைப் பராமரிக்க நாளுக்கு 50 ரூபாய் என்றால், ஒரு மாட்டில் 40 ரூபாய் மிச்சம், இரண்டில் 50, மூன்றில் 30, நான்கில் 20 ரூபாய் நட்டம். எடை உச்சத்தைத் தொடுவது மூன்றிலும் நான்கிலும். லாபம் உச்சத்தைத் தொடுவது இரண்டிலேயே. மிஞ்சுவதாகத் தெரியும் அந்தக் கொஞ்சப் புல்தான் மழை பத்து நாள் தாமதித்தால் கைகொடுக்கும் இருப்பு.

சுழற்சி முறையில் மேய்த்தால் விளைச்சல் இரட்டிப்பாகும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா?

சுழற்சி முறை என்பது இடம் மாற்றி மாற்றி மேய்ப்பது. அப்படிப் புல்லுக்கு ஓய்வு தர வேண்டும் என்பதை 1950களில் பிரான்சைச் சேர்ந்த ஆந்திரே வாசான் விளக்கமாக எழுதிப் பரப்பினார். அந்தக் கருத்தில் பிழை இல்லை. ஆனால் 2008 இல் பிரிஸ்க் என்பவரும் அவரது குழுவினரும் இயற்கை மேய்ச்சல் நிலங்களில் நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, மாடுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் இடங்களில் பெரும்பாலும் சுழற்சி முறை தொடர் மேய்ச்சலை விஞ்சவில்லை என்றே கண்டனர். இவ்வாய்வுகளின் பெரும்பகுதி மழை குறைந்த பரந்த நிலங்களைப் பற்றியது. மழையும் ஈரமும் மிக்க நம் விளவங்கோடு வட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் மேய்க்கும் முறையை விட மாடுகளின் எண்ணிக்கை முக்கியம் என்பதில் ஐயமில்லை. எண்ணிக்கை மிகுந்த நிலத்தை எந்தச் சுழற்சியும் காப்பாற்றாது.

மாடு விட்டால் தென்னைக்குக் கெடுதல் வராதா?

மட்டை மாட்டின் வாய்க்கு எட்டும் வயதில் கண்டிப்பாக விடக் கூடாது. முதல் ஐந்தாறு ஆண்டுகள் வெட்டிப் போடுவதே சரி. எட்டு வயது முதல் ஏறக்குறைய 25 வயது வரை தோப்பில் நிழல் அடர்த்தியாக இருப்பதால் புல் குறைவாகவே வரும். அதற்கு மேற்பட்ட வயதுள்ள உயர்ந்த மரங்களின் கீழ்தான் வெளிச்சம் மீண்டும் நன்றாக இறங்கும். மேய்ச்சலுக்கு ஏற்றவை அந்த விளைகளே. மழையில் சொதசொதக்கும் மண்ணில் மாட்டை விட்டால் மண் இறுகிப் போகும். அந்த நாள்களில் தொழுவத்தில் வைத்துத் தீவனம் போடுவது நல்லது.

நன்மையின் பக்கம் சாணம் இருக்கிறது. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 60 சென்டில் உள்ள 42 மரங்களுக்கு 2,100 கிலோ வேண்டும். நாளுக்குப் பத்துக் கிலோ பச்சைச் சாணம் போடும் ஒரு மாடு, மக்கிய கணக்கில் இதன் பெரும்பகுதியைத் தந்துவிடும். உரம் விலைக்கு வாங்குபவர்கள் இந்தத் தொகையை வரவில் எழுத மறந்துவிடுகிறார்கள். ஒரே எச்சரிக்கை: மூடாமல் குவித்த எருக்குழியில் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள், அல்லது அவற்றைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையைக் கலந்து விடுங்கள்.

ரப்பர் தோட்டத்தில் விடலாமா?

இளந்தோட்டத்தில் மாடு கன்றுகளை ஒடித்துவிடும். வளர்ந்த தோட்டத்தில் நிழல் மூடிப் புல் இராது, பட்டையும் பால் சிரட்டையும் சேதப்படும். மூடுபயிராகப் போடப்படும் மியூக்குனா பிராக்டியேட்டா என்னும் கொடியை மாடு விரும்பித் தின்பதும் இல்லை. வேண்டாம்.

மேய விடுவதை விடக் கம்பு நேப்பியர் போட்டு வெட்டிப் போடுவது லாபம் இல்லையா?

நிலம் குறைவாகவும் தண்ணீர் தாராளமாகவும் இருந்தால், ஒரு சென்டுக்குக் கிடைக்கும் தீவன அளவில் கம்பு நேப்பியர் என்னும் தீவனப்புல்லுக்கு ஈடில்லை. கோ-5 போன்ற இரகங்கள் நல்ல பராமரிப்பில் எக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன் பச்சைத்தீவனம் வரை தரும். சென்டுக்கு ஏறக்குறைய 1,450 கிலோ. தோப்பு நிழலில் இதில் ஒரு பகுதிதான் வரும். நிழலுக்குக் கினியாப் புல்லே மேல். ஆனால் வெட்டிச் சுமப்பது அன்றாட வேலை. அதற்கு ஆள் வைத்தால், ரப்பர் வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் கிடைக்கும் கூலியோடு நீங்கள் போட்டியிட வேண்டும். வரப்பில் வெட்டுத்தீவனம், விளையில் மேய்ச்சல் எனக் கலப்பதே பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. வேலியோரம் சீமைக்கொன்னையும் அகத்தியும் நட்டால் புரதத்துக்குப் பிண்ணாக்கு வாங்கும் செலவு குறையும்.

தீவனங்களை ஒப்பிடும்போது உலர்பொருள் விலையைப் பாருங்கள். கிலோ 3 ரூபாய் பச்சைப்புல்லில் ஒரு கிலோ உலர்பொருளின் விலை 15 ரூபாய். கிலோ 8 ரூபாய் வைக்கோலில் 9 ரூபாய். வைக்கோல் மலிவாகத் தெரிந்தாலும் அதில் புரதம் மிகக் குறைவு. வளரும் கன்றுக்கு அது மட்டும் போதாது. மரச்சீனி (மரவள்ளி) இலையையும் தோலையும் பச்சையாகப் போடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு மாட்டைச் சில மணி நேரத்தில் கொல்லக் கூடும். நன்கு உலர்த்தினால் நஞ்சு பெருமளவு குறையும்.

கோடையில் புல் காய்ந்துவிடுகிறது. தீவனம் வாங்கிச் சமாளிப்பதா, விற்றுவிடுவதா?

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஜூன் முதல் டிசம்பர் வரை புல் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரைதான் இடுக்கண். தோவாளை, அகத்தீசுவரம் பக்கம் இது இன்னும் நீளும். விற்கப் போகும் விலங்கை இந்த இடைவெளிக்குள் கொண்டு செல்லாதீர்கள். மழையில் கூடிய எடையைக் கோடையில் விலை கொடுத்துக் காப்பது வீண்செலவு. வைத்துக் கொள்ளப் போகும் கிடாரிக்கு எடை கூடாமல் நின்றாலும் பரவாயில்லை. அளவோடு மெலிந்த இளமாடு நல்ல புல் வந்ததும் வழக்கத்தை விட விரைவாகத் தேறும். இழப்பின் ஒரு பகுதியைச் செலவின்றி மீட்கலாம். சினை மாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

உழைத்து ஓய்ந்த எருதைத் தேற்றி விற்றால் எவ்வளவு கிடைக்கும்?

முதலில் எடையை அறிய வேண்டும். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 273 கிலோ. சந்தையில் கண்ணால் மதிப்பிட்டுத் துணிக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது, எடை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஆயிரக்கணக்கில் வேறுபாடு வரும்.

240 கிலோ எருது, கிலோ 110 ரூபாய் வீதம் 26,400 ரூபாய் போகும் என்று கொள்வோம். குடற்புழு மருந்து கொடுத்து, மழைக்காலப் புல்லில் 90 நாள் வைத்து, நாளுக்கு 500 கிராம் கூடினால் 285 கிலோ. உடல் தேறியதால் கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் 34,200 ரூபாய். வேறுபாடு 7,800. இதில் 2,400 ரூபாய் பழைய எடைக்கே கிடைத்த விலை உயர்வு. தவிடு, பிண்ணாக்கு, தாது உப்புக்கு நாளுக்கு 30 வீதம் 2,700 ரூபாயும் மருந்துக்கு 300 ரூபாயும் போக 4,800 மிஞ்சும். நாளுக்கு 53 ரூபாய். சந்தையில் விலை ஏறாமல் 110 இலேயே நின்றால் மிச்சம் 1,950 ஆகச் சுருங்கும். 100 ஆக இறங்கினால் 900 ரூபாய் நட்டம். ஆகவே இதில் எடையை விட விலையே பெரிய இடர். பல் தேய்ந்த எருது மேய்ந்து தேறாது என்பதால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நின்ற ஏலாவில் மேய்ந்திருந்தால் ஈரல் தட்டைப்புழு இருக்கலாம். சாணப் பரிசோதனை செய்யாமல் தேற்ற முயல்வது பணத்தைப் புழுவுக்குப் போடுவது.

காட்டிலோ புறம்போக்கிலோ மேய்த்தால் செலவே இல்லையே?

நம் மாவட்ட வனத்தின் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லா வனங்களிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு எனத் திருத்தியது. திருத்திய வடிவிலும் நமக்கு அந்தக் கதவு மூடியே உள்ளது.

மேய்ச்சல் புறம்போக்கும் குளத்தங்கரையும் எஞ்சிய இடங்களில், மேலே நான்காவது மாட்டைப் பற்றிச் சொன்னது வேறு வடிவில் நடக்கும்: கூடுதல் மாட்டின் லாபம் அதை விட்டவருக்கு, புல் குறைந்த நட்டம் எல்லோருக்கும். ஊரார் கூடி எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காத பொதுநிலத்தை நம்பி மாடு வாங்காதீர்கள். சாலையோரம் அவிழ்த்து விட்ட மாடு, பிடிபட்ட மாடுகளை அடைக்கும் கொண்டித்தொழுவுக்குப் போனால் அபராதமும் தீவனச் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

இவ்வளவு சிக்கலுக்கு வெள்ளாடு வளர்த்துவிடலாமே?

இறைச்சிதான் நோக்கம் என்றால் பெரும்பாலோருக்கு என் விடையும் அதுவே. ஆட்டுக்கு மாட்டைப் போன்ற வயதுவரம்பு இல்லை, கிலோ விலை கூடுதல், முதலீட்டைச் சிறிது சிறிதாகப் போடலாம், தலைச்சேரி இனம் நம் ஈரத்தைத் தாங்கும். ஆனால் ஆடு தழையைத் தேடும் விலங்கு. தென்னையின் கீழுள்ள புல்லை மாட்டைப் போல முழுதாகப் பயன்படுத்தாது, அண்டை வீட்டு வாழையையும் விட்டுவைக்காது. வேலியோரத் தழைக்கு இரண்டு ஆடு, புல்லுக்கு ஒரு கிடாரி என வைத்திருக்கும் விளைகளில் தீவனம் வீணாவது குறைவு.

என் நிலம், என் உழைப்பு. இதற்கு ஏன் செலவு எழுத வேண்டும்?

வங்கிக்குக் காட்ட அல்ல, உங்கள் முடிவுக்காக எழுத வேண்டும். எருதுக் கணக்கில் கிடைத்த 53 ரூபாய்க்கு நாளும் ஒரு மணி நேரம் செலவானால் மணிக்கு 53 ரூபாய். அந்த நேரத்தில் வேறு வேலை இல்லாத முதியவருக்கு அது நல்ல வரவு. அதே நேரத்தில் ரப்பர் வெட்டப் போகக் கூடியவருக்கு நட்டம். நிலத்துக்கு வாடகை எழுதும்போது, தேங்காய் ஏற்கெனவே ஈட்டிவிட்டதை மாட்டின் மீது மறுபடி சுமத்தாதீர்கள்; மாடு இல்லையென்றால் அந்தப் புல்லை என்ன செய்திருப்பீர்கள் என்பதே கேள்வி. கூலி கொடுத்து அரிவாளால் அரிந்து எறிந்திருப்பீர்கள் என்றால், அந்தக் கூலியை மாட்டின் வரவில் எழுதலாம்.